தெல்தெனிய மரக்கறி

மிஸ்,

நேற்றுப் பார்மசியில் என் பிரஷர் குளிசைக்காகக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண், வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி மருந்தை வாங்கி, வீடு போகும்வரை பொறுக்காமல் அங்கேயே போத்தலைத் திறந்தார். மூடியில் ஊற்றி ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் புறங்கையால் உதட்டைத் துடைத்தார். புதினா வாசம் எழுந்தது. என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. "டீச்சர், உங்கடதான், எடுங்க" என்று பின்னால் நின்றவர் தோளைத் தொட்ட பிறகுதான் கை நீட்டினேன்.

அந்த வாசத்தை உங்கள் வாசம் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார்கள். மற்றவர்களை மல்லிகையாலோ சந்தனப் பவுடராலோ நினைத்துக்கொள்வார்கள். எனக்கு உங்களை நினைக்க வயிற்று மருந்து. ஆசிரியர் ஓய்வறையில் உங்கள் மேசையில், பூமிசாஸ்திரப் படப்புத்தகத்துக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி அந்தப் போத்தல் நிற்கும். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் ஒரு மூடி ஊற்றிக் குடித்து முகத்தைச் சுளிப்பீர்கள். "என்ன செய்ய, காஸ்ட்ரிக்" என்பீர்கள். பச்சை மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஓய்வறையிலேயே அதிகம் தின்றவர் நீங்கள்தான் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. உங்கள் வயிற்றில் ஒரு குறையும் இருக்கவில்லை. அது உங்கள் கணவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் காலமான பிறகு எனக்கு மட்டும்.

இந்த மடலை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் மகள் தர்ஷினிக்குச் சொல்வதில்லை என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன். அதை யாரிடம் சொல்வேன், உங்களிடம் அல்லாமல்?

முதலில் எனக்குத் தெரிய வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். உங்கள் முன்னால் ஒரு பிள்ளை வரைந்த இலங்கைப் படம். சிவப்புப் பேனா கையில். அந்தப் பாடவேளை முழுதும் பேனா அசையவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். நீங்கள் அப்படியே இருந்தீர்கள்.

"என்ன மிஸ், மகாவலியைக் காணேல்லையோ?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"எல்லாம் தெரியுது மிஸ்" என்றீர்கள். "ஆறு தெரியுது, மலை தெரியுது. ஒண்ணும் உள்ள போகல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது. சோறு மரத்தூள் போல இருக்கிறது. கணவர் பேசினால், அடுத்த வீட்டு வானொலி கேட்பதுபோல இருக்கிறது. "அழுகை வந்தாலாவது நல்லாருக்கும்" என்றீர்கள். கடைசியாக, யாருக்கும் கேட்காத குரலில், "அப்பாவுக்கும் இப்பிடித்தான்" என்றீர்கள்.

உங்கள் அப்பா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். மழைக் காலம் தொடங்கினால் அவர் பேச்சை விட்டுவிடுவாராம். ஜன்னலோரக் கதிரையில் இருந்தபடியே இருப்பாராம். வீட்டில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தீர்கள்: "அப்பாவுக்கு மழை ஆகாது." அந்தப் பெயரோடு அவர் வாழ்ந்து முடித்தார். அவருக்கு மருந்து இருந்திருக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

வைத்தியரிடம் போவோம் என்றேன். கண்டியில் வேண்டாம் என்றீர்கள். கணவரின் ஹார்ட்வெயார் கடை நகரத்தின் நடுவில். கிளினிக்கில் நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தால் இந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் தாய் இருப்பாள், அந்தப் பக்கம் கடை வாடிக்கையாளர் இருப்பார். நாளைக்குத் தர்ஷினிக்குச் சம்பந்தம் பேசும்போது, "பொண்ணோட அம்மாவ அங்க பாத்தோமே" என்று யாராவது ஒரு வார்த்தை விட்டால் போதும். அப்போது தர்ஷினி பல்லு விழுந்த சின்னப் பிள்ளை. அவள் கலியாணத்துக்காக நீங்கள் அன்றே பயந்தீர்கள்.

அதனால், கண்டியிலிருந்து பஸ்ஸில் போகும் சிற்றூரான தெல்தெனியவுக்குப் போனோம். மாதத்தில் ஒரு கிளினிக் நாள். இருவரும் அரைநாள் லீவு. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வேண்டும் அல்லவா? "தெல்தெனியச் சந்தையில மரக்கறி நல்ல புதுசு" என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். பொய் பொய்யாகத் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் வாங்கியும் வந்தோம். என்னுடைய நீலத் துணிப்பை நிறையக் கத்தரிக்காய், போஞ்சி, கறிமிளகாய். கைப்பிடி அறுந்து இரண்டு முறை தைத்திருப்பேன்.

உப அதிபரை மறந்திருக்க மாட்டீர்கள். அக்குறணையிலிருந்து வருவார், வாய் நிறைய நக்கல்.

"ரெண்டு டீச்சரும் லீவு போட்டுக் கத்தரிக்கா வாங்கப் போற ஸ்கூல் இலங்கையிலேயே இது ஒண்டுதான்" என்பார்.

"சேர், தெல்தெனியக் கத்தரிக்கா தின்னு பாத்துட்டுப் பேசுங்க" என்பீர்கள்.

"அப்ப எனக்கும் கொண்டு வாங்களே. ரெண்டு கிலோ போஞ்சியும் போடுங்க. பிஞ்சாப் பாத்து."

அப்படித் தொடங்கியது. பிறகு சங்கீத டீச்சர் பூசணிக்காய் கேட்டார். பள்ளிக்கூடக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் வாழைப்பூ கேட்டார். கிளினிக் வாங்கில் நம்பர் கூப்பிடும்வரை இருந்து, வைத்தியரைப் பார்த்து, குளிசை வாங்கி, பிறகு பாதிப் பள்ளிக்கூடத்துக்கு மரக்கறி பொறுக்கி, மூச்சு வாங்க பஸ் ஏறுவோம். ஒருநாள் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சிரித்தீர்கள். "மிஸ், எனக்கு இருக்கிற வருத்தத்த விட இந்த வருத்தம் பெருசு." குளிசை தொடங்கிய பிறகு நீங்கள் சிரித்த முதல் சிரிப்பு அது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்களுக்கு அது தெரியாது.

அந்த பஸ்ஸில்தான் எத்தனை பாடம் நடத்தினோம். உயிரியல் படிப்பித்தவள் என்பதால் உங்களுக்கு என்மேல் நம்பிக்கை. நான் முதலில் சொன்ன உதாரணம் குளம். மூளையில் செரட்டோனின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது குறைந்துவிட்டது, குளத்தில் தண்ணீர் வற்றுவதைப்போல. குளிசை அதை நிரப்புகிறது என்றேன். நீங்கள் யோசித்தீர்கள்.

"அப்ப மாத்திர போட்ட அன்னைக்கே நெறையணுமே மிஸ்? ஏன் டொக்டர் வாரக்கணக்குல பொறுக்கச் சொல்றாரு?"

வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி. நான் வீட்டுக்குப் போய் வாசித்தேன். குளம் என்ற உதாரணம் பிழை என்று விளங்கியது. அடுத்த மாதம், கண்டி பஸ் தரிப்பிடத்தில் தெல்தெனிய பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதே வேறு உதாரணம் கிடைத்தது.

மூளையின் நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. ஒரு பஸ்ஸில் வந்த ஆள் இறங்கி, நடைபாதையைக் கடந்து, மற்ற பஸ்ஸில் ஏறினால்தான் செய்தி போய்ச் சேரும். செரட்டோனின் அப்படி ஒரு பயணி. ஆனால் இறங்கியவர்களில் பலரை முதல் பஸ்ஸின் கொண்டக்டரே கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே ஏற்றிவிடுவார். அது உடம்பின் வழமை. குளிசை செய்வது, அந்தக் கொண்டக்டரின் கையைக் கொஞ்சம் பிடித்து வைப்பது. பயணிகள் நடைபாதையில் கூடுதல் நேரம் நிற்பார்கள். மற்ற பஸ்ஸில் ஏறுபவர்கள் கூடுவார்கள்.

"கொண்டக்டர் கையப் பிடிச்சா சும்மா விடுவானா மிஸ்?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் நின்ற கொண்டக்டர் நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

"அது முதல் நாளே நடந்திடும்" என்றேன். "ஆனா ஆக்கள் வருகினம் எண்டு தெரிஞ்சு, பழுதாப்போன கிளை வீதிகளைத் திருத்தி, புதுத் தரிப்பிடம் கட்டி முடிக்கத்தான் வாரக்கணக்கு. கனகாலம் மனம் சோர்ந்திருந்தா நரம்புக்கலங்களின்ர கிளைகள் சில இடங்களில சுருங்குமாம். வைத்தியம் செய்யச் செய்யத் திரும்பத் தளிர்க்குமாம். முழுக்கதை இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

"வீதி அபிவிருத்தி வேலையா? அப்ப வாரக்கணக்கு இல்ல மிஸ், வருசக்கணக்குல ஆகும்" என்றீர்கள். பிறகு, "உங்க யாழ்ப்பாணத் தமிழ்ல மரியாதையாச் சொன்னாலே வருத்தம் எந்திரிச்சுப் போயிரும்" என்றும் சொன்னீர்கள்.

நீங்கள் உங்கள் பாடத்திலிருந்து எனக்குக் கற்பித்ததும் உண்டு. வரட்சியான ஒரு வருடம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. மூழ்கிப்போன பழைய தெல்தெனியவின் சுவர்கள் சேற்றில் தெரிந்தன. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். நீங்கள் பார்க்கவில்லை. "தண்ணி இருக்கும்போதும் அந்த ஊரு அங்கதானே மிஸ் இருந்துச்சு" என்றீர்கள்.

நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைத் திரும்பி வரும் வழியில் கேட்டீர்கள்.

"தர்ஷிக்கும் வருமா?"

பரம்பரையலகு பற்றிக் கரும்பலகையில் பட்டாணிச் செடி வரைந்து எத்தனையோ வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். நெட்டை, குட்டை, வட்டம், சுருக்கம். ஒரு அலகு, ஒரு குணம். இந்த நோய் அப்படி அல்ல. இதற்கென்று ஒற்றை அலகு கிடையாது. ஏராளமான அலகுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தள்ளுத்தான் தள்ளுகிறது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்புக் கூடும்; ஆனால் வந்தே தீரும் என்றில்லை. இதைச் சொல்லி முடிக்க நான் தடுமாறினேன். நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள்.

"மண்சரிவுப் பாடம் மாதிரின்னு சொல்லுங்க" என்றீர்கள். "சரிவான மல எல்லாம் சரியறதில்ல. எவ்வளவு மழ, மண்ண எங்க வெட்டுனாங்க, தண்ணி போக வாய்க்கா இருக்கா, எல்லாம் சேரணும்."

"அதேதான் மிஸ்."

"அப்ப சரிவ நான் குடுத்துருக்கேன்."

"குடுத்திருக்கலாம். ஆனா மழையை நீங்கள் குடுக்கேல்லை. வாய்க்காலை நாங்கள் வெட்டலாம்."

பஸ் வளைவில் திரும்பியது. பையிலிருந்து ஒரு கத்தரிக்காய் உருண்டு முன் இருக்கைக்கு அடியில் போனது. நீங்கள் அதை எடுக்கவில்லை.

"வாய்க்கா வெட்டுறதுன்னா, இங்க சரிவு இருக்குன்னு முதல்ல சொல்லணும் மிஸ். அதான் என்னால முடியல. அவ கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே சொல்லிக்கிறேன். நீங்க எப்பவும் சொல்லிறாதீங்க. எனக்காக."

ஓம் என்றேன்.

மருந்து உங்களுக்கு வேலை செய்தது. அதை மறக்கக் கூடாது. நல்ல வருடங்கள் இருந்தன. இருவரும் ஓய்வு பெற்றோம். உங்கள் கணவர் காலமானார். அதன் பிறகும் தெல்தெனிய பஸ்ஸில் ஏறினோம். வயதானவர்கள் பொழுதுபோக்குக்கு மரக்கறி வாங்கப் போகிறார்கள் என்று இப்போது யாரும் சந்தேகப்படக்கூட இல்லை. குளிசைகளை அட்டையிலிருந்து உரித்து, காஸ்ட்ரிக் குளிசை என்று எழுதிய பழைய போத்தலில் போட்டு வைத்தீர்கள். தர்ஷினி தினமும் காலையில் அந்தப் போத்தலைத் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள்.

பிறகு தர்ஷினிக்கு மாத்தளைப் பையன் பொருந்தி வந்தான். நிச்சயம் முடிந்து, மழை நாளொன்றில், வாசல் படியில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டீர்கள். அந்த நேரம் நான் யாழ்ப்பாணத்தில் தங்கையின் சத்திரசிகிச்சைக்குத் துணை நின்றேன். வார்டில் நடந்ததைத் தர்ஷினி சொல்லித்தான் அறிந்தேன். சம்பந்தியம்மா நாள் தவறாமல் மாத்தளையிலிருந்து பிளாஸ்கில் சூப் கொண்டு வந்தார். நல்ல மனுசி. என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டபோதும் அவர் உங்கள் கட்டிலோரம் இருந்தார்.

"பிரஷருக்கு ஒண்ணு. அப்புறம் காஸ்ட்ரிக்" என்றீர்கள்.

காஸ்ட்ரிக் மருந்தை நாங்களே தருகிறோம், வீட்டுப் போத்தல் வேண்டாம் என்றார் நர்ஸ். அவர் மேல் பிழை இல்லை. சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார். தர்ஷினி, உங்கள் உண்மையான குளிசை இருந்த அந்தப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தாள்.

நான் தொலைபேசியில் கேட்டேன்: "மற்றது எடுக்கிறியளோ மிஸ்?"

"பக்கத்துல ஆள் இருக்காங்க மிஸ்" என்றீர்கள். குரல் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள்தானே, சமாளிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள்.

நான் திரும்பி வந்தபோது நீங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். ஆஸ்பத்திரி தந்த வெள்ளை மருந்துதான் வீட்டிலும்; பழைய போத்தல் அலுமாரியிலேயே கிடந்தது. கால் நன்றாகப் பொருந்திவிட்டதாம். உங்கள் கண் என்மேல் பட்டு என்னைத் தாண்டிப் போனது. சூப்பை வாயில் வைத்தால் கடைவாயால் வழிந்தது. நான் தெல்தெனிய வைத்தியரைத் தனியே பார்த்துச் சொன்னேன். மருந்தைத் திரும்பத் தொடங்கினார். தர்ஷினிக்குச் சொல்லட்டுமா என்று உங்கள் காதில் கேட்டேன். கண்ணை மூடித் தலையை ஆட்டினீர்கள், வேண்டாம் என்று. "சரியான பலவீனம்" என்று அவளிடம் சொன்னோம். வீதிகள் திருந்த வாரக்கணக்கு வேண்டும் என்று நானே சொல்லியிருந்தேன் அல்லவா? அந்த வாரங்கள் கிடைக்கவில்லை. உண்ணாத உடம்பில் சளி நெஞ்சுக்குள் இறங்கியது. மரண அறிவித்தலில் "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்த" என்று போட்டார்கள். தகனத்தன்று மழை விடவே இல்லை.

ஒரு வருடம் கழித்துத் தர்ஷினியின் கலியாணம் நடந்தது. உங்கள் படத்துக்கு மாலை போட்டுத்தான் மணவறைக்குப் போனாள். இப்போது கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு பேத்தி. மூக்கு உங்களுடையது.

போன மாதம் பிள்ளையைப் பார்க்கப் போனேன். தர்ஷினி என்னை வழக்கம்போல "வாங்க மிஸ் ஆன்ட்டி" என்றாள். சிறுவயதில் மிஸ் என்பதா ஆன்ட்டி என்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்ததை இன்னும் விடவில்லை. கட்டிலில் பிள்ளையின் துணிகள் பாதி மடித்தபடி கிடந்தன. ஒரு சின்னச் சட்டை அவள் கையில் இருந்தது. நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அதை மடிக்கவில்லை. பிள்ளை அழுதபோது, அடுத்த வீட்டுப் பிள்ளை அழுவதைக் கேட்பதுபோல அசையாமல் இருந்தாள்; உதவிக்கு வந்திருந்த சம்பந்தியம்மாதான் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"என்ன பிள்ளை, சுகமில்லையோ?"

"ஒண்ணுமில்ல மிஸ் ஆன்ட்டி. காஸ்ட்ரிக்."

நான் பார்த்தேன். மேசையில், பால்மாப் பேணிக்குப் பக்கத்தில், அந்த வெள்ளை மருந்துப் போத்தல் நின்றது.

"அம்மாவோடது அப்பிடியே எனக்கு வந்துருக்கு" என்றாள். "விடியிறதுக்கு முன்னமே முழிப்பு வந்துருது. சோறு எறங்கல. யாரு பேசுனாலும் ஒண்ணும் உள்ள போகல. அம்மாவுக்கும் இப்பிடித்தானே இருந்துச்சு? ரெண்டு போத்தல் குடிச்சிட்டேன், கேக்குதில்ல. அம்மாவுக்கு எந்த மருந்து கேட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மிஸ், நாம் அந்தப் பொய்யை எவ்வளவு கவனமாக வளர்த்தோம். அரைநாள் லீவு போட்டு, பை சுமந்து, உண்மையைப் போலவே வளர்த்தோம். உங்கள் பிள்ளை அதை நம்பி, மனதுக்கு வந்த நோய்க்கு வயிற்று மருந்து குடித்துக்கொண்டிருக்கிறாள்.

கதவைச் சாத்தினேன். அவள் கையிலிருந்த சட்டையை வாங்கி வைத்தேன்.

"சாக வேணும் போல வருதோ பிள்ளை?"

நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்று உங்கள் வைத்தியர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அவள் கட்டிலில் கிடந்த துணியொன்றை இழுத்து மடியில் வைத்தாள். பிறகு, "படுத்தா எந்திரிக்காம இருந்தா நல்லாருக்கும்னு வரும். பாப்பாவ நெனச்சா பயமாருக்கு" என்றாள்.

அதற்குமேல் எந்த வாக்கை நான் காப்பாற்றுவது? எல்லாம் சொன்னேன். உங்கள் அப்பாவின் மழையிலிருந்து தொடங்கினேன். தெல்தெனிய, கிளினிக், கத்தரிக்காய், போத்தல். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா?"

"எல்லாருக்கும் இல்லையம்மா. எனக்குத்தான்."

"நான் வார்ட்ல அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் அந்த வெள்ள மருந்த ஊத்திக் குடுத்தேன் மிஸ் ஆன்ட்டி. என் கையால. அம்மா ஒண்ணும் சொல்லாம குடிச்சாங்க. 'நல்லாருக்கும்மா'ன்னாங்க."

அவளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு, கொஞ்சம் அடங்கியதும், நீங்கள் சொன்ன மண்சரிவுப் பாடத்தை அவளுக்குச் சொன்னேன். சரிவு உன் குற்றமில்லை, பிள்ளைப்பேறும் நித்திரையின்மையும் மழை, வாய்க்கால் வெட்டுவோம், நாளைக்கே வெட்டுவோம் என்றேன். "இது அம்மா சொன்னதா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அப்போதுதான் அழுதாள்.

கதவுக்கு வெளியே சம்பந்தியம்மா பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றார். எவ்வளவு கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. எனக்கு உங்கள் பயம் அப்படியே வந்தது. அவர் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் இருந்தார்.

"என் கூடப் பொறந்த தம்பிக்கும் இதான் டீச்சர்" என்றார். "நாங்க பிரஷர்னு சொல்லுவோம்." பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். "சம்பந்தி காஸ்ட்ரிக்குனு சொன்னது இதையா? ஐயோ, நான் பக்கத்துலயே இருந்தேனே. நான் எந்திரிச்சுப் போயிருந்தா சொல்லியிருப்பாங்களே."

மிஸ், நீங்கள் யாருக்குப் பயந்து வாய் மூடினீர்களோ, அந்த மனுசி அன்று முழுதும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த நாள் கண்டியிலேயே கிளினிக் போனோம். நடு நகரத்தில், எல்லோரும் பார்க்கும் வாங்கில், தர்ஷினி, நான், சம்பந்தியம்மா, மடியில் பேத்தி. கணவன் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு எங்கள் பின்னால் நின்றான். பிள்ளையின் துணி, வெந்நீர்ப் போத்தல் எல்லாம் வைக்கப் பெரிய பை வேண்டும் என்று என் நீலப் பையைக் கொண்டுபோயிருந்தேன்.

வைத்தியர் இளம் பெண். சிங்களவர், ஆனால் பொறுமையாகத் தமிழில் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா?

"அம்மாவுக்கு இருந்துச்சு" என்றாள் தர்ஷினி. "தாத்தாவுக்கும்."

"அம்மா மருந்து எடுத்தாங்களா? என்ன மருந்து?"

குளிசையின் பெயரை நான் சொன்னேன். நம் இருவரையும் உங்கள் வைத்தியரையும் தவிர யாரும் கேட்க அந்தப் பெயரை நான் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். அது நல்ல தகவல் என்றார். தாய்க்குச் சரிவந்தது பிள்ளைக்கும் சரிவரும் என்று உறுதி இல்லை, ஆனாலும் தொடங்குவதற்கு அது நல்ல இடம். பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுக்கக்கூடிய மருந்துதான் என்றார். எழுதிக்கொண்டே, மகிழ்ச்சியோடு கேட்டார்:

"அப்ப அம்மா இப்ப நல்லா இருக்காங்கதானே?"

நான் மேசையைப் பார்த்தேன். சம்பந்தியம்மா பிள்ளையின் காலுறையை இழுத்து விட்டார். தர்ஷினிதான் பேசினாள்.

"அம்மாவுக்கு அந்த மருந்து கெடைக்காமப் போச்சு டொக்டர். யாருக்கும் சொல்லல."

வைத்தியர் பேனாவை வைத்துவிட்டார்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். நம் உப அதிபர் குடையை ஊன்றிக்கொண்டு எதிரே வந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார், வாய் மட்டும் தளரவில்லை. என் பையைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இன்டைக்கும் தெல்தெனியக் கத்தரிக்காயா?"

நான் வாயைத் திறந்தேன். பழைய பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. தர்ஷினி முந்திக்கொண்டாள்.

"இல்ல சேர். கிளினிக் வந்தோம். எனக்கு மனச்சோர்வு வருத்தம். அம்மாவுக்கும் அதுதான் இருந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அப்ப அந்த மரக்கறி?" என்றார்.

"ஓம் சேர்" என்றேன்.

"யா அல்லாஹ். நான் அவக்கிட்ட போஞ்சி பிஞ்சாயில்லண்டு குறை சொல்லியிருக்கிறேனே" என்றார். நடுவீதியில் நின்று கண்ணைத் துடைத்தார்.

தர்ஷினிக்கு இன்னும் பலன் தெரியவில்லை. நேற்றும் விடியுமுன்பே விழித்தாளாம். குளிசை வீதி திருத்தும் கதையை அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்; தினமும் காலையில் தொலைபேசி எடுப்பேன். "வீதி வேலை எப்பிடிப் போகுது?" என்பேன். "இன்னும் கல்லுத்தான் கொட்டியிருக்காங்க மிஸ் ஆன்ட்டி" என்பாள். நேற்று மட்டும், "பாப்பா சிரிச்சா. பாத்தேன்" என்றாள். பார்த்தேன் என்றாள், மிஸ். அதை வைத்துக்கொண்டு இன்றைய நாளைக் கடத்துகிறேன்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று பையைத் துவைக்க எடுத்து உதறினேன். அடித் தையலிலிருந்து காய்ந்த போஞ்சிக் காம்பு ஒன்று விழுந்தது. நாம் கடைசியாகப் போன நாளினதாக இருக்க வேண்டும். பிஞ்சுதான் பார்த்துப் பொறுக்கினீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. பையைத் துவைக்காமல் மடித்து, காம்பையும் உள்ளே வைத்தேன். அடுத்த கிளினிக் நாளுக்கு அதைத்தான் கொண்டுபோவேன். வரும்போது அதில் மரக்கறி இருக்காது.